ஒருவர் தேற, ஒருவர் இளைக்க: ஒரே அடுப்பில் இரண்டையும் நடத்துவது எப்படி

ஒரே வீட்டில் ஒருத்தர் எடையைக் குறைக்கப் பார்க்கிறார், இன்னொருத்தர் எடையை ஏற்றப் பார்க்கிறார். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் பட்டணத்தில் இது ரொம்பச் சாதாரணம். செம்பனைக் குலை வெட்டப் போகிறவர், ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவர், பாக்டரி பஸ் பிடிக்க விடியற்காலையிலேயே கிளம்புகிறவர் என்று ஒரு பக்கம் நேரத்துக்குச் சாப்பிடாமல் ஒடிசலாகவே இருப்பார்கள். அதே வீட்டில் இன்னொருவரிடம் கிளினிக்கில், “சீனி எல்லையில் நிற்கிறது, எடையைக் குறைத்தே ஆக வேண்டும்” என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் வீடும் அப்படித்தான். நான் செம்பனை ஆலையில் வேலை, ஒல்லி. என் மனைவி டயட்டில் இருக்கிறார்.

இந்த நிலைமைக்கு ஊரில் கிடைக்கும் யோசனை இரண்டே இரண்டுதான். ஒல்லியாக இருப்பவனிடம் “நல்லா சோறு போட்டுச் சாப்பிடு” என்பார்கள், டயட்டில் இருப்பவரிடம் “ராத்திரி சாப்பிடாதே” என்பார்கள். இரண்டையும் கேட்டு நடந்தால் ஒரு வீட்டில் இரண்டு சமையல் நடக்கும், இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிடுவார்கள், ஒரு மாதத்தில் இரண்டும் நின்றுபோகும்.

நான் சொல்லப்போவது வேறு. சமையல் ஒன்றாகவே இருக்கட்டும். எடை ஏற வேண்டியவருக்குத் தேவையான கூடுதல் சாப்பாடு, தட்டில் போட்ட பிறகு மேலே சேரட்டும். அந்தக் கூடுதலை வாங்குவது, வறுப்பது, அவிப்பது, எடுத்து வைப்பது எல்லாம் எடை ஏற வேண்டியவரின் வேலை. டயட்டில் இருப்பவர் தலையில் அதைக் கட்டக்கூடாது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் யாரும் பேசுவதில்லை, எல்லாமே அதில்தான் நிற்கிறது என்பது என் எண்ணம்.

1. முதலில் கிளினிக்

ஒல்லியாக இருப்பதற்குக் காரணம் சாப்பாட்டுக் குறைவு மட்டும்தானா என்று தெரியாமல் எதையும் தொடங்காதீர்கள். சின்ன வயதிலிருந்தே ஒல்லி என்றால் அது ஒரு கதை. முன்பு நன்றாக இருந்த உடம்பு ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் காரணமே இல்லாமல் இளைத்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57-க்கு இறங்கினால், அது கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இளைக்கும். காச நோய் இருந்தாலும் இளைக்கும், கூடவே விடாத இருமலும் ராத்திரி வேர்வையும் இருக்கும். குடல் புழு, வயிற்றுப் புண், மனச்சோர்வு, சிகரெட் என்று பட்டியல் நீளம். இனிப்பு நீரும், அதாவது நீரிழிவும், இதில் ஒன்று. தாகம் அதிகமாகி, அடிக்கடி சிறுநீர் போய், நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, இந்தியர்களிடையே அது 31.4. ஒல்லியாக இருக்கிறோம், நமக்கு வராது என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான், ஒரு காலை நேரம் போகும், அவ்வளவுதான். இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். ரத்தச் சோதனை, எடை, உயரம், இடுப்பளவு எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுதிக்கொண்டு வந்துவிடலாம். சில கிளினிக்குகளில் உணவு ஆலோசகரும் இருப்பார், இருந்தால் அவரைப் பார்க்கக் கேளுங்கள்.

உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று பார்க்கும் கணக்கு (பி.எம்.ஐ.) இதுதான். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, எடையை அதால் வகுக்க வேண்டும். 1.70 மீட்டர் உயரமும் 52 கிலோ எடையும் உள்ளவருக்கு 18 வரும். 18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு. ஆசியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும், 27.5-ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் அந்த 1.70 மீட்டர்காரருக்கு 58 கிலோ நல்ல குறி, 66-ஐத் தாண்டத் தேவையில்லை. 1.55 மீட்டர் உயரத்தில் 72 கிலோ இருக்கும் அவருடைய மனைவிக்கு எண் 30 வரும். அவர் ஒரேயடியாக 55-க்கு இறங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, முதல் குறி 5 கிலோ போதும். அமெரிக்காவில் நடந்து 2002-ல் வெளியான பெரிய ஆய்வில், சீனி எல்லையில் இருந்தவர்களுக்கு உடல் எடையில் சுமார் 7 விழுக்காடு குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்று குறி வைத்துக் கொடுத்தார்கள். இனிப்பு நீர் வரும் வாய்ப்பு அவர்களிடம் 58 விழுக்காடு குறைந்தது. 72 கிலோவில் 7 விழுக்காடு என்றால் கிட்டத்தட்ட அந்த 5 கிலோதான்.

உங்கள் எண் 16-க்கும் கீழே இருந்தால், நீங்களாகச் சாப்பாட்டைக் கூட்ட வேண்டாம். ரொம்ப நாள் காய்ந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் உப்புச் சத்துகள் தடுமாறி ஆபத்தாகிவிடும். அது மருத்துவர் கண்ணுக்கு முன் நடக்க வேண்டியது.

2. ஏற வேண்டியது தொப்பை இல்லை

ரொட்டி சானாய் காலையில் இரண்டு, தே தாரிக் மூன்று வேளை, ராத்திரி மீ கோரெங் என்று ஒரு மாதம் சாப்பிட்டால் எடை ஏறும், சந்தேகமே இல்லை. ஆனால் கை கால் அப்படியே குச்சியாக இருக்க, வயிறு மட்டும் முன்னால் வரும். நம் ஆட்களுக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும்.

2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டனின் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். மேலே சொன்ன கணக்குப்படி இரண்டு பேருக்கும் ஒரே எண், 22.3. உடம்பில் உள்ள கொழுப்பை அளந்து பார்த்தால் யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு என்பது தெற்காசிய உடம்பில் அதிகம் என்று காட்டத்தான் அந்தப் படத்தைப் போட்டார்கள். அதனால் எடை ஏற்றுகிறவர் எடையோடு இடுப்பையும் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதுதான் எல்லை.

இது தெரிந்த பிறகு ஒரு விஷயம் தானாகவே தெளிவாகிவிடும். சீனித் தண்ணீர், பொரித்த பலகாரம், கெட்டிப் பால் எல்லாம் டயட்டில் இருப்பவருக்கு எவ்வளவு ஆகாதோ, எடை ஏற வேண்டியவருக்கும் அவ்வளவு ஆகாது. டின்னில் வரும் இனிப்புக் ‘கிரீமர்’ பெரும்பாலும் சீனியும் செம்பனை எண்ணெயும்தான், டின்னைத் திருப்பி எழுத்தைப் படித்துப் பாருங்கள். ஆக, இரண்டு பேரும் நிறுத்த வேண்டிய பட்டியல் ஒன்றுதான். வீட்டுக்குள் வரவே கூடாதவை என்று அதைச் சேர்ந்தே எழுதுங்கள். “அவருக்கு மட்டும் வாங்கினேன்” என்று எதுவும் அலமாரிக்குள் நுழையாது.

3. எவ்வளவு கூடுதல் வேண்டும்

இப்போது சாப்பிடுவதைவிட ஒரு நாளைக்கு 300 முதல் 500 கலோரி கூடுதல், அவ்வளவுதான். வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை ஏறும். அதைவிட வேகமாக ஏறினால் ஏறுவது கொழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

500 கலோரி என்றதும் மலை மாதிரி தெரியும், ஆனால் பாருங்கள்: ஒரு பெரிய கிளாஸ் முழுப்பால் சுமார் 160, ஒரு கைப்பிடி வறுத்த கச்சான் (நிலக்கடலை), அதாவது 30 கிராம், சுமார் 170, ஒரு வாழைப்பழம் 100. மூன்றும் சேர்ந்தால் 430. சமையலறையில் ஒன்றுமே மாறவில்லை, அடுப்பே பற்ற வைக்கவில்லை, ஒரு நாளின் கூடுதல் முடிந்துவிட்டது. அவித்த முட்டை ஒன்று 70, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் 120, கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கப் 270. இவற்றை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புகிறவர்கள் தயிருக்கோ சோயாப் பாலுக்கோ போகலாம், சோயாப் பால் வாங்கும்போது சீனி இல்லாததாகக் கேட்க வேண்டும்.

புரதம் தனியாகக் கவனிக்க வேண்டியது. பளு தூக்கும் பயிற்சியோடு சதை வைக்க, உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் போதும். 52 கிலோ ஆளுக்கு 62-லிருந்து 83 கிராம். முட்டை இரண்டில் 12, பால் ஒரு கிளாஸில் 8, கச்சானில் 7, மீன் 100 கிராமில் 20, தெம்பே (புளிக்க வைத்த சோயாக் கட்டி) 100 கிராமில் 19, கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணத்தில் 10 என்று கூட்டினாலே 76, அதோடு சோற்றிலும் தோசையிலும் இருப்பது சேர்ந்தால் 80 தாண்டிவிடும். புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கத்தான் வேண்டும் என்று இல்லை. தெம்பேயைப் பற்றி ஒரு வார்த்தை: நம் வீடுகளில் பலர் அதை மலாய்க்காரர் சாப்பாடு என்று ஒதுக்கிவிடுகிறார்கள், விலையும் குறைவு, புரதமும் கொட்டிக் கிடக்கிறது. சின்னச் சின்னதாக வெட்டி மஞ்சள் தடவிக் கொஞ்சம் எண்ணெயில் பிரட்டி எடுத்துச் சாம்பாரில் போட்டுப் பாருங்கள்.

4. ஒரு சட்டி, இரண்டு தட்டு

இதுதான் முக்கியமான படி, இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

சமையல் டயட்டில் இருப்பவருக்கு ஏற்றபடி நடக்கட்டும். எண்ணெய் அளந்து ஊற்றியது, சீனி இல்லாதது, காய்கறி நிறைய. இந்தச் சாப்பாட்டிலிருந்து எதையும் எடுக்க முடியாது, ஆனால் மேலே எதையும் சேர்க்க முடியும். பத்துக் கரண்டி எண்ணெய் ஊற்றிச் சமைத்த பிறகு அதிலிருந்து ஒருவருக்கு மட்டும் எண்ணெயைப் பிரிக்க முடியுமா? முடியாது. ஒரு கரண்டியில் சமைத்துவிட்டு, ஒரு தட்டில் மட்டும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விடுவது சுலபம்.

ஒரு சாதாரண நாள். சோறு, கெம்போங் மீன் குழம்பு, கெட்டிப் பருப்பு, கங்கோங் கீரைப் பிரட்டல், கொஞ்சம் தயிர். டயட்டில் இருப்பவர் தட்டுக்கு நம் சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ கணக்கு அப்படியே பொருந்தும்: தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ. முதலில் கங்கோங் பாதித் தட்டை அடைக்க வேண்டும், அப்புறம் மீன், கடைசியில் சோறு. இந்த வரிசை முக்கியம். சோற்றை முதலில் போட்டால் கை தானாக நிறையப் போடும், நம் கை பழகியது அப்படி.

எடை ஏறுபவர் தட்டில் அதே ஐந்தும் உண்டு, காய்கறி உட்பட, அதைக் குறைக்கக்கூடாது. சோறு அவருக்கு ஒரு கரண்டி கூட. பிறகு அவரே எழுந்து போய், பருப்பு மேல் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, காலையில் அவித்து வைத்த முட்டை ஒன்றை இரண்டாக வெட்டி வைத்து, வறுத்துப் பொடித்த கச்சான் பொடியைச் சோற்றில் தூவிக் கொள்கிறார். முட்டையும் எண்ணெயும் பொடியும் சேர்ந்து 250 கலோரிக்கு மேலே போகிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டு தட்டும் கிட்டத்தட்ட ஒன்று. எதிரே ஒருவர் பிரியாணியும் இன்னொருவர் வெள்ளரிக்காயும் தின்கிற காட்சி அங்கே கிடையாது, அது டயட்டில் இருப்பவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

தேங்காய்ப்பால் ஊற்றும் குழம்பு என்றால் கொதி வந்ததும் ஊற்றுவதற்கு முன்பே டயட்டில் இருப்பவர் பங்கைத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்துவிடுங்கள். தேங்காய்ப்பாலில் இருக்கும் கொழுப்பு கொலஸ்ட்ரால் ஏற்றும் ரகம் என்பதால் எடை ஏறுபவரும் அதைத் தினமும் நம்ப வேண்டாம், வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் சரி.

தோசை, இட்லி வீட்டுக்கு இந்த முறை கச்சிதமாகப் பொருந்தும். மாவு ஒன்றுதான், உளுந்து மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் போட்டு அரைக்கலாம். டயட்டில் இருப்பவருக்கு மெல்லிசாக இரண்டு தோசை, காய் நிறையப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம். எடை ஏறுபவருக்கு முட்டைத் தோசை மூன்று, கச்சான் சட்னி. முருங்கைக்கீரை வேலியில் சும்மா கிடைக்கும் ஊர் இது, அடை மாவில் உருவிப் போட்டு வார்த்தால் இரண்டு பேருக்கும் நல்லது. சுண்டலும் அப்படித்தான், டயட்டில் இருப்பவருக்கு மாலையில் அது வயிற்றை அடைக்கும் சாப்பாடு, எடை ஏறுபவருக்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் ஒரு கிண்ணம் கூடுதல்.

சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தை இரண்டு பேரும் விடுங்கள். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச் சத்தைத் தேயிலை உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். எடை ஏறுபவர் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மக் தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்வதையும் நிறுத்த வேண்டும். டயட்டில் இருப்பவருக்கு அதே தண்ணீர் உதவி.

5. கூடுதல் சாப்பாட்டை அவரவரே பார்த்துக்கொள்வது

நம் வீடுகளில் பெரும்பாலும் சமைப்பது மனைவி. டயட்டில் இருப்பதும் அவர். இப்போது கணவருக்கு எடை ஏற வேண்டும் என்றதும் என்ன நடக்கிறது? பசியோடு இருக்கும் அந்த அம்மாதான் அடுப்படியில் நின்று கச்சான் வறுக்கிறார், வாழைப்பழ அப்பம் சுடுகிறார், ருசி பார்க்கிறார், மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் வாயில் போடுகிறார். பிறகு எடை இறங்கவில்லை என்று அவரையே எல்லாரும் குற்றம் சொல்கிறார்கள். இது அநியாயம், இதை முதல் நாளே நிறுத்த வேண்டும்.

ஆகவே எடை ஏறுகிற ஆள், ஆணோ பெண்ணோ, வாரம் ஒரு முறை ஓய்வு நாளில் தன் வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும். கச்சான் அரைக் கிலோ வாங்கி, எண்ணெய் விடாமல் சட்டியில் மெல்லிய தீயில் கிளறி, தோல் வெடித்து நிறம் மாறியதும் இறக்கி, ஆறியதும் தோலை ஊதிவிட்டுப் பாதியை அப்படியே வைத்துப் பாதியை மிளகாய், உப்பு, பூண்டோடு பொடித்து வைத்தால் ஒரு வாரத்துக்குப் போதும். பூஞ்சை பிடித்த கச்சானைக் கழுவித் தின்னலாம் என்று நினைக்காதீர்கள், அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுசாகப் போகாது, தூக்கிப் போட்டுவிடுங்கள். முட்டையை இரண்டு நாளைக்கு ஒரு முறை ஓட்டோடு அவித்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம். கச்சானும் பொடியும் உள்ளே தெரியாத டின்னில், அவருடைய இடம் என்று ஒதுக்கிய அலமாரியில் இருக்கட்டும். ஒளித்து வைக்கச் சொல்லவில்லை, டயட்டில் இருப்பவருக்குத் தெரிந்தே இருக்கட்டும். ஆனால் கண்ணாடி ஜாடியில் மேசை நடுவில் வைத்துவிட்டு “நீ எடுக்காமல் இரு” என்றால் அது பேராசை.

நேரமும் பார்க்க வேண்டும். கூடுதல் சாப்பாட்டில் பெரும்பகுதி வீட்டுக்கு வெளியே முடிந்துவிட்டால் நல்லது. வேலைக்குக் கிளம்பும்போது டப்பாவில் ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி கச்சான், இரண்டு முட்டை. காலை பத்து மணி ஓய்வில் பாதி, மதியத்துக்கு அப்புறம் பாதி. என்னுடைய ஆலை ஷிப்டில் இதுதான் எனக்கு ஒத்துவந்தது. பசிக்கிற நேரத்தில் கையில் எதுவும் இல்லாதபோதுதான் கன்டீனில் இனிப்புத் தண்ணீரும் பொட்டலம் மீயும் வாங்கத் தோன்றும். வீட்டில் ராத்திரி படுக்கும் முன் ஒரு கிளாஸ் பால் மட்டும் மிச்சம் இருக்கும், அதில் யாருக்கும் சபலம் வராது.

6. வாயிலிருந்து வரும் வார்த்தை

சாப்பாட்டைவிட இதில்தான் வீடுகள் சறுக்குகின்றன. “நான் எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறவே மாட்டேங்குது” என்று பெருமூச்சு விடாதீர்கள், தண்ணீர் குடித்தாலே ஏறுகிறது என்று வருந்துகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரும் “உனக்கென்ன, குடுத்து வச்சவன்” என்று சொல்லக்கூடாது. ஒல்லியாக இருப்பவனுக்கும் சட்டை தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்து உள்ளே கூச்சம் உண்டு.

டயட்டில் இருப்பவர் ஒரு நாள் சம்பல் போட்டு நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டால், காவல்காரன் மாதிரி நிற்க வேண்டாம். “நாளைக்கு வழக்கம் போல” என்று ஒரு வார்த்தை, போதும். அவர் ஆசையாகக் கேட்காத வரை, “ஒரு வாய் சாப்பிடு லா, ஒண்ணும் ஆகாது” என்று ஊட்டிவிடவும் வேண்டாம். அன்புதான், ஆனால் அந்த ஒரு வாயை மறுப்பதற்கு அவர் படும் பாடு உங்களுக்குத் தெரியாது.

உறவுக்காரர்கள் வாய் இன்னும் பெரிசு. கல்யாண வீட்டில் யாராவது ஒரு அத்தை, “ஏம்மா, புருஷன் இப்படி எலும்பா இருக்கான், நீ மட்டும் நல்லா இருக்கியே, அவனுக்குச் சோறு போடுறியா இல்லையா?” என்று கேட்டே தீருவார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது கணவர். மனைவி வாய் திறப்பதற்கு முன் அவரே, “அத்தை, என் சாப்பாட்டை நான்தான் பார்த்துக்கிறேன், கிளினிக்ல சொன்ன மாதிரி ரெண்டு பேரும் சேர்ந்து செய்யறோம்” என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை சபையில் இப்படிச் சொன்னால் அடுத்த தடவை அந்தக் கேள்வி வராது. டயட்டுக்குத் துணை நிற்பதில் இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரிந்து இல்லை.

7. பளுவும் நடையும்

கூடுதல் சாப்பாடு சதையாக வேண்டுமானால் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், அரை மணி நேரம். ஜிம் ஈப்போவில்தான் இருக்கிறது என்று உட்கார்ந்துவிட வேண்டாம். 5 கிலோ அரிசிப் பொட்டலத்தைப் பள்ளிப் பையில் போட்டு முதுகில் மாட்டி உட்கார்ந்து எழுவது, தரையில் கை ஊன்றித் தண்டால், 5 லிட்டர் எண்ணெய்ப் போத்தலைக் குனிந்த நிலையில் இடுப்பு வரை இழுப்பது, அதையே தலைக்கு மேல் தூக்குவது. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும், சுலபமாகிவிட்டால் பளுவைக் கூட்டுங்கள். வெட்டுக்காடு வேலையே பளு வேலைதானே என்று கேட்கலாம். ஒரு நாள் முழுக்கக் குலை தூக்கியவருக்கு அந்த நாளில் தனிப்பயிற்சி தேவையில்லை, அவருக்குத் தேவை இன்னும் கொஞ்சம் சாப்பாடும் நல்ல தூக்கமும்.

டயட்டில் இருப்பவரும் இதே பயிற்சியைக் குறைந்த பளுவில் கூடவே செய்யட்டும். எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரையும், பளு தூக்கினால்தான் தசை நிற்கும். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பது ரத்தத்தில் சீனி ஏறுவதைக் குறைக்கும். ஒரு நாளைக்கு அரை மணி, வாரம் ஐந்து நாள் என்றால் அந்த 150 நிமிடம் கிடைத்துவிடும். நடந்தால் எடை ஏறாது என்று ஒல்லியாக இருப்பவர் பயப்பட வேண்டாம், அரை மணி நடையில் போவது ஒரு வாழைப்பழம்தான்.

8. வெளியே சாப்பிடும்போது

மாமாக் கடையில் டயட்டில் இருப்பவருக்கு வெறும் தோசையோ சப்பாத்தியோ, பருப்பு, ‘கோப்பி ஓ கோசோங்’ (பாலும் சீனியும் இல்லாத கோப்பி). எடை ஏறுபவருக்கு அதே சப்பாத்தியோடு தந்தூரிக் கோழி, அல்லது முட்டைத் தோசை. சீனி இல்லாமல் குடிக்க முடியவில்லை என்றால் ‘குராங் மானிஸ்’ என்று கேட்டுப் படிப்படியாகக் குறைக்கலாம். பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) பசியோடு போகாதீர்கள், வீட்டில் சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் காய்கறி, பழம், தௌபு வாங்கப் போங்கள். கோயில் அன்னதானத்தில் யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம்.

9. பொட்டலத்தில் வரும் அற்புதங்கள்

எடை ஏற்றும் மாத்திரை, இளைக்க வைக்கும் கோப்பி இரண்டும் ஒரே ஆளிடம் விற்பனைக்கு இருக்கும். இளைக்க வைக்கும் கோப்பியில் சிபுத்ராமின் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது இருதயத்துக்குக் கெடுதல் என்று தடை செய்யப்பட்ட மருந்து. பசி எடுக்க வைக்கும் மருந்துகளிலும் ஜாமு என்ற மூலிகை மருந்துகளிலும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பிடிபட்டிருக்கிறது. அதைச் சாப்பிட்டால் ஒரே மாதத்தில் முகம் உருண்டையாகும், கன்னம் பூரிக்கும், ஆள் தேறிவிட்டான் என்று ஊர் சொல்லும், உள்ளே சீனி ஏறி எலும்பு தேயும். மருந்து என்றால் பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ பதிவு எண் இருக்கிறதா, ஹோலோகிராம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். யார் கொண்டுவந்து கொடுத்தாலும், சொந்தக்காரரே ஆனாலும், அந்த எண் இல்லாத மாத்திரை வாய்க்குப் போகக்கூடாது.

ஏற்கெனவே இனிப்பு நீர் மருந்து எடுப்பவர் டயட் தொடங்குவதாக இருந்தால் கிளினிக்கில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் சீனி திடீரென்று இறங்கிவிடும். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் தெரிந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், கால் மணி நேரம் பாருங்கள், தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999-க்கு அழைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு இது தெரிந்திருப்பது மற்ற எல்லாவற்றையும்விட அவசியம்.

10. எடை பார்ப்பது

வாரம் ஒரு நாள், காலையில் எழுந்து கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் குடிப்பதற்கு முன். ஆளுக்கு ஒரு நோட்டு, எடையும் இடுப்பளவும் மட்டும். ஒருவர் நோட்டை மற்றவர் அவராகக் காட்டாமல் பார்க்க வேண்டாம், “எனக்கு ஏறிவிட்டது, உனக்கு இறங்கவில்லையா” என்ற ஒப்பீடும் வேண்டாம். இரண்டு வேலையும் வெவ்வேறு வேகத்தில் நடக்கும். முதல் வாரத்தில் இரண்டு பேருக்குமே எண் குதிக்கலாம், அதில் பாதி தண்ணீர்க் கணக்கு.

மூன்று வாரமாக ஏறவே இல்லை என்றால் ஒரு கிளாஸ் பாலும் ஒரு முட்டையும் கூட்டுங்கள். எடையைவிட இடுப்பு வேகமாக ஏறினால் சீனியும் பொரித்ததும் எங்கிருந்தோ உள்ளே வருகிறது, அல்லது பளுப் பயிற்சி விட்டுப்போயிருக்கிறது. டயட்டில் இருப்பவருக்கு வாரம் அரைக் கிலோ இறங்கினால் நல்ல வேகம், ஒரு மாதம் அசையவில்லை என்றால் சோற்றுக் கரண்டியையும் சமையலில் ஊற்றும் எண்ணெயையும் திரும்ப அளந்து பாருங்கள், நாள் போகப் போகக் கை தாராளமாகிவிடும்.

குறி வைத்த எடை வந்ததும் கூடுதலை மொத்தமாக நிறுத்த வேண்டாம். ராத்திரிப் பாலை முதலில் விட்டு இரண்டு வாரம் பாருங்கள், எடை நின்றால் அப்படியே போகலாம். முட்டையும் பருப்பும் பளுவும் தொடரட்டும். அதற்குள் டயட்டில் இருப்பவருக்கும் முதல் 5 கிலோ இறங்கியிருந்தால், மூன்று மாதச் சராசரிச் சீனி காட்டும் ரத்தச் சோதனையை இன்னொரு தடவை எடுத்துவிட்டு, அடுத்த குறி எத்தனை கிலோ என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.